விக்கிரவாண்டி வரைதான் தெரியும்

காலையில் எழுந்ததும் மோட்டார் போடுவேன். பால் பாக்கெட்டை எடுத்து உள்ளே வைப்பேன். ஒரு டம்ளர் டீ போட்டுக்கொண்டு மாடிக்குப் போவேன். தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் நிற்பேன். நிறைந்ததும் கீழே வந்து மோட்டாரை நிறுத்துவேன். குளிப்பேன். முந்தின நாள் சோறு மீந்திருந்தால் மோர் ஊற்றிச் சாப்பிடுவேன். இல்லையென்றால் ஸ்டேஷன் எதிரில் இட்லி. திண்டிவனத்தில் ரயில் ஏறி விழுப்புரத்தில் இறங்குவேன். அங்கே ஒரு பாலிடெக்னிக்கில் இயற்பியல் நடத்துகிறேன். மாலையில் அதே ரயில்.

தண்ணீர் நிறைந்தால் தானாக நிற்கிற மாதிரி ஒரு கருவி இருக்கிறதே, அதை மாட்டிவிடட்டுமா என்று வீட்டுக்காரர் இரண்டு முறை கேட்டார். மாட்டலாம் என்றேன். இரண்டு முறையும் ஆள் வந்தபோது நான் வீட்டில் இல்லை. தினமும் நிற்கிறேன்.

என் மனைவி டயானா பிப்ரவரியில் இறந்தாள். நான் சொல்ல வந்தது அக்டோபர் கடைசியில் நடந்தது.

கோகுலகிருஷ்ணன் கல்லூரி முடிந்ததும் வரச் சொன்னான். விழுப்புரம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் கல்யாண வீடியோ ஸ்டுடியோ வைத்திருக்கிறான். என்னுடன் படித்தவன். நாங்கள் மூவரும் சேர்ந்துதான் ‘அலைக்கு மேலே’ என்ற யூடியூப் சேனலை நடத்தினோம். போர்க்கப்பல்களைப் பற்றிய சேனல். எழுதுவது நான். வெட்டி ஒட்டுவது அவன். குரல் டயானா.

கடலை நான் அதிகம் பார்த்தவன் இல்லை. நான் வளர்ந்த வீடு ஒலக்கூர்ப் பக்கம், மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லை நடுவில். கப்பல் பித்து எங்கிருந்து வந்ததென்று தெரியாது. டயானாவின் ஊர் வானூர்ப் பக்கம். அவளுக்குக் கப்பலைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் வாசிக்கத் தெரியும். பத்து வயதிலிருந்து அவர்கள் கோயிலில் ஞாயிறு திருப்பலியில் வாசகம் வாசித்தவள். அந்தக் குரலைக் கேட்டுத்தான் நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். ஒரு நண்பனின் கல்யாணத்துக்கு அந்தக் கோயிலுக்குப் போயிருந்தேன். அதற்குப் பிறகு எந்த நண்பனின் கல்யாணமும் இல்லாமலே நிறைய முறை போனேன்.

எங்கள் வீட்டில் ஒலிப்பதிவு செய்யத் தனி அறை கிடையாது. படுக்கையறையில் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கயிறு கட்டிப் பழைய புடவைகளைத் தொங்கவிட்டிருந்தாள். தலைக்கு மேலே ஒரு ரஜாய். உள்ளே ஒரு ஸ்டூல், மைக், செல்போன். எதிரொலி வராது. காற்றும் வராது. மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். வேர்த்து ஊற்றும். நான் வெளியே கட்டிலில் உட்கார்ந்திருப்பேன்.

முதல் பதிவில் ஒரு தவறு நடந்தது. 1967இல் ஒரு சின்னப் படகுக் கூட்டம் ஏவுகணைகளை விட்டு, தன்னைவிடப் பல மடங்கு பெரிய ஒரு போர்க்கப்பலை மூழ்கடித்த கதை. நாற்பத்தேழு பேர் இறந்தார்கள் என்று முடியும். அருமையாக வாசித்தாள். முடித்ததும், கோயிலில் வாசகத்தை முடிக்கிற வாய்ப் பழக்கத்தில், “ஆண்டவரின் அருள்வாக்கு” என்றாள். புடவைக்குள்ளே ஒரு நிமிடம் சத்தமே இல்லை. பிறகு சிரிப்பு. கோகுலுக்கு அதை அனுப்பினோம். அப்படியே போட்டுவிடலாம் என்று கெஞ்சினான். அவள் விடவில்லை. ஆனால் அதன் பிறகு ஒவ்வொரு பகுதி முடியும்போதும் அதைச் சொல்வதே எங்களுக்கு அடையாளமானது. வாசித்தது அவளுக்குத் திருப்தியாக இருந்தால் “ஆண்டவரின் அருள்வாக்கு” என்பாள். கோயிலில் ஜனங்கள் பதில் சொல்வதுபோல் நான் வெளியிலிருந்து “இறைவா உமக்கு நன்றி” என்பேன். பிறகு பதிவை நிறுத்துவாள். திருப்தி இல்லையென்றால் சொல்லமாட்டாள். மறுபடி வாசிப்பாள்.

இன்னொரு பழக்கத்தில் அவளுக்கும் கோகுலுக்கும் சண்டையே வந்தது. இத்தனை பேர் இறந்தார்கள் என்று வரும் இடத்தில் அவள் நின்றுவிடுவாள். இரண்டு மூச்சு அளவுக்கு ஒன்றும் பேசமாட்டாள். பார்ப்பவர்கள் போன் தொங்கிவிட்டது என்று நினைத்து வேறு வீடியோவுக்குப் போய்விடுவார்கள் என்று கோகுல் அந்த இடங்களை வெட்டினான். அவள் அவனைக் கூப்பிட்டாள். புனித வெள்ளியன்று பாடுகளின் வரலாறு வாசிக்கும்போது இயேசு உயிர்விடும் இடத்தில் கோயில் முழுவதும் முழங்காலிட்டு அமைதியாக இருக்கும். அந்த அமைதியை யாரும் வெட்டுவதில்லை என்று அவனுக்குச் சொன்னாள். அவர் சாமி அண்ணி, இவங்க நேவி என்றான் கோகுல். “அவங்களுக்கும் அம்மா இருந்தாங்க இல்ல. நிறுத்துறது நிறுத்துறதுதான்” என்றாள். அவன் ஒட்டிக் கொடுத்தான்.

நான் எழுதுவது அவளுக்குப் புரியவில்லை என்றால் வாசிக்கமாட்டாள். கடைசி அத்தியாயத்துக்கு ஒரு வாரம் சண்டை போட்டோம். இத்தனை ரேடார், இத்தனை பீரங்கி வைத்துக்கொண்டு இன்றைய போர்க்கப்பல் ஏன் ஒரே ஏவுகணையில் வீழ்கிறது என்பதுதான் விஷயம். ஏவுகணை அலைக்குச் சில மீட்டர் உயரத்தில் பறந்து வருகிறது, பூமி வளைந்திருப்பதால் அடிவானத்தைத் தாண்டும்வரை ரேடார் கண்ணுக்குப் படாது, கண்ணில் படும்போது இருபத்தைந்து, முப்பது கிலோமீட்டரில் இருக்கும் என்று எழுதியிருந்தேன். அவள் காகிதத்தைக் கீழே வைத்தாள்.

“இருபத்தஞ்சி கிலோமீட்டர்னா யாருக்குத் தெரியும். விக்கிரவாண்டின்னு சொல்லுங்க. கப்பல் திண்டிவனத்துல நிக்குது. விக்கிரவாண்டி டோல்கேட் வரைக்கும் வந்தது தெரியாது. அங்க வந்தாத்தான் தெரியும். அப்புறம் எம்மா நேரம்?”

ஒன்றரை நிமிடம்கூட இல்லை என்றேன். என் ரயிலுக்கு அரை மணி ஆகிறதே என்றாள். அப்படியே எழுதச் சொன்னாள். எழுதினேன்.

அன்றிலிருந்து மாலையில் ரயில் விக்கிரவாண்டியைத் தாண்டும்போது ‘விக்கிரவாண்டி’ என்று ஒரு வார்த்தை அனுப்புவேன். ‘ரேடாரில் தெரியுது’ என்று பதில் வரும். நான் வீட்டுக்குள் நுழையும்போது டீ அடுப்பிலிருந்து இறங்கும். இப்போதும் விக்கிரவாண்டி வந்தால் கை செல்போனை எடுக்கிறது. எடுத்து, மணி பார்த்துவிட்டு வைத்துவிடுகிறேன்.

அந்தக் காலத்துக் கப்பல்களுக்கு ஒரு அடி கனத்துக்கு இரும்புக் கவசம் இருந்தது, இன்றைய கப்பலுக்குத் தோல் மெல்லியது, அதன் பலமெல்லாம் முன்கூட்டியே தெரிந்துகொள்வதில்தான், மேலே இருக்கும் கண்ணும் காதும் போனால் மிதந்துகொண்டே செத்த மாதிரி என்றும் எழுதியிருந்தேன். பாவம் என்றாள். எந்தக் கப்பலைப் பற்றிச் சொன்னாலும் பாவம் என்பாள். எந்த நாட்டுக் கப்பல் என்று கேட்கமாட்டாள்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அந்த அத்தியாயத்தைப் பாதி வாசித்திருந்தாள். நடுவில் வாசிப்பை நிறுத்தி என்னிடம் ஒன்று சொன்னாள். நான் எழுந்து வெளியே போனேன். மாடி ஏறி இறங்கி வருகிற நேரம்தான். திரும்பி வந்தபோது புடவைகள் அப்படியே தொங்கின. உள்ளே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். செல்போனில் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. கூப்பிட்டேன். திரும்பக் கூப்பிட்டேன்.

மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்திருந்தது. முன்பே தெரிந்துகொள்ள வழியில்லை என்றார் டாக்டர். தலைவலி என்றுகூட அவள் சொன்னதில்லை. மறுநாள் விடிவதற்குள் முடிந்துவிட்டது. கண்ணைத் திறக்கவில்லை.

அவள் அம்மா இருதயசெல்வி இரவெல்லாம் ஆஸ்பத்திரியில் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது, ‘இயேசுவே’ என்று சொன்னாள் என்றார். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டார்கள். அவர்கள் பக்கத்தில் அதைக் கேட்காமல் யாரும் போவதில்லை. அத்தை ஒவ்வொருவரிடமும் சொன்னார். கேட்டவர்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். மாமா மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை. நினைவே திரும்பவில்லை என்றுதான் டாக்டர் சொன்னார். ஆனால் அத்தை அந்தக் கையைப் பிடித்திருந்தார்.

அந்தப் பதிவின் கடைசிப் பகுதியை மட்டும் வெட்டித் தனியாக வைத்துக்கொண்டு மீதியைக் கோகுலுக்கு அனுப்பியிருந்தேன். அதைப் பற்றித்தான் அவன் கூப்பிட்டிருந்தான்.

ஸ்டுடியோவில் ஒரு கல்யாணப் பெண் திரையில் பாதிச் சிரிப்போடு நின்றிருந்தாள். கோகுல் அதை மூடினான். கோபப்படாமல் முழுக்கக் கேட்டுவிட்டுத் திட்டு என்றான். டயானாவின் பழைய பதிவுகளை எல்லாம் ஒரு ஏஐ மென்பொருளுக்குக் கொடுத்திருக்கிறான். அது அவள் குரலைக் கற்றுக்கொண்டுவிட்டது. மீதிப் பாதியை அதை வைத்து வாசிக்கச் செய்திருக்கிறான். நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளன்று வெளியிடலாம் என்றான். அக்கா எங்கே, அக்கா எங்கே என்று பார்ப்பவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன சொல்வது என்றான். சொல்லும்போதே அழுதான். நான் அவன் முதுகைத் தட்டினேன்.

போட்டான். 1982இல் ஃபாக்லாந்துப் போரில் அடிபட்ட ஷெஃபீல்டு கப்பலின் கதை. ஒரே ஏவுகணை. தீயணைக்கும் தண்ணீர்க் குழாய் உடைந்துபோனது. சுற்றிலும் கடல், தீயில் ஊற்றத் தண்ணீர் இல்லை. இருபது பேர் இறந்தார்கள். எரிந்த கப்பல் உடனே மூழ்கவில்லை. ஏறக்குறைய ஒரு வாரம் மிதந்தது. இழுத்துப் போகும் வழியில்தான் மூழ்கியது.

டயானாவின் குரல். அவள் ‘கடல்’ என்று சொல்லும்போது வரும் சின்னக் கரகரப்புகூட இருந்தது. நன்றாக இருந்தது. ஏதோ ஒன்று இடித்தது. என்னவென்று தெரியவில்லை. எட்டு மாதமாக எனக்கு எதுவும் சரியாகத் தெரிவதில்லை. அதனால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

“மாமாகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்” என்றேன்.

கல்லறைத் திருநாளுக்கு முதல் நாள் வானூர்ப் பக்கம் போனேன். மாமா சூசைமுத்து பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். திண்டிவனம் புதுச்சேரி ரூட்டில் முப்பது வருடம் கூவியவர், இப்போது வீட்டில் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசுவார். தினமும் சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டு எங்கள் சேனலின் பழைய வீடியோக்களை ஒவ்வொன்றாகக் கேட்பார். படத்தைப் பார்க்கமாட்டார். செல்போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கேட்பார். பையிலிருந்து நாசகாரிக் கப்பல்களைப் பற்றி மகள் பேசிக்கொண்டிருப்பாள்.

சோறு சாப்பிட்ட பிறகு விஷயத்தைச் சொல்லிக் கோகுல் செய்ததைப் போட்டேன். அத்தை என் கையிலிருந்து செல்போனை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். காதில் வைத்தார். நெஞ்சில் வைத்தார். பிறகு கேட்டார்.

“மாப்ள, இது நாம சொல்றத எல்லாம் சொல்லுங்களா?”

எழுதிக் கொடுத்தால் சொல்லும் என்றேன்.

“அப்ப அவ கடைசியா சொன்னத சொல்லச் சொல்லுங்க. இயேசுவேன்னு. ஒரே ஒரு வாட்டி. நான் வெச்சிக்கினு கேட்டுக்கிறேன்.”

 சொல்ல வைக்க முடியும். அரை நிமிட வேலை. ஒருமுறை அப்படிச் செய்துவிட்டால் அத்தையின் போனில் அது இருக்கும். சொந்தக்காரர்களுக்குப் போகும். அடுத்த வருடம் இந்தத் திருநாளில் கல்லறையில் போடுவார்கள். அப்புறம் அவள் அதைத்தான் சொன்னாள் என்று ஆகிவிடும், அவள் குரலிலேயே. அவள் என்னிடம் சொன்னது அதற்கு அடியில் போய்விடும். கொஞ்ச நாளில் எனக்கே குழம்பும். என்னிடம் இருப்பது அந்த ஒன்றுதான்.

மாமா கையை நீட்டினார். “இன்னொரு வாட்டி போடுங்க.”

போட்டேன். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் எடுத்து என்னிடம் கொடுத்தார்.

“இது என் பொண்ணு இல்ல.”

அத்தை கோபித்துக்கொண்டார். பெற்ற மகளின் குரல் தெரியாமல் போய்விட்டதா, பஸ் சத்தத்தில் இவர் காது என்றைக்கோ போச்சு என்றார். மாமா அதற்கெல்லாம் அசரவில்லை.

“இருபது பேரு செத்துட்டாங்கன்னு சொல்லுச்சி. சொல்லிட்டு நிக்காம போய்க்கினே இருக்குது. அவ நிப்பா.”

எனக்கு இடித்தது அதுதான். மென்பொருள் கற்றுக்கொள்ளும்போதே மௌனத்தையெல்லாம் கழித்துவிடும் என்று கோகுல் பிறகு சொன்னான். பேச்சு இருக்கும் இடத்தை மட்டும்தான் அது எடுத்துக்கொள்ளுமாம்.

சாயங்காலம் மூன்று பேரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். ஊரே அங்கே இருந்தது. புல் வெட்டினார்கள், சுண்ணாம்பு அடித்தார்கள், யார் வீட்டுச் சாமந்தி எவ்வளவு என்று பேசிக்கொண்டார்கள். பக்கத்துக் கல்லறையில் ஒரு குடும்பம் டிபன் பாக்ஸ் திறந்து கேப்பை அடை சாப்பிட்டது. எனக்கும் ஒன்று வந்தது. நான் தண்ணீர் எடுத்து வந்தேன். மாமா சிலுவைக்கு வெள்ளை அடித்தார். அத்தை கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பூ கட்டினார். என்னோடு பேசவில்லை.

மாமா பிரஷ்ஷைச் சுண்ணாம்பு வாளியில் வைத்தார்.

“ஆஸ்பத்திரில நானும்தான் இருந்தேன். அவ ஒண்ணும் சொல்லல. செல்விக்காக விட்டுட்டேன். வீட்ல நீங்கதான் இருந்தீங்க. நிஜமா என்னா சொன்னா?”

பிப்ரவரியிலிருந்து யாரும் என்னிடம் அப்படிக் கேட்கவில்லை. கேட்டவர்கள் எல்லாரும் அத்தையிடம்தான் கேட்டார்கள்.

பெரிய விஷயம் ஒன்றும் இல்லை மாமா என்றேன்.

“பெரிய விஷயமா கேட்டனா?”

போனில் இருக்கிறது என்றேன். அவர் சட்டைப் பையைத் திறந்து காட்டினார். போட்டு, உள்ளே வைத்தேன்.

மாமா கண்ணை மூடினார். முதலில் அவள் வாசிக்கும் குரல். பிறகு பேசும் குரல். மாமாவின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நகர்ந்து நின்றேன். சிரித்துக்கொண்டிருந்தார். சத்தமில்லாத சிரிப்பு. சுண்ணாம்புக் கையால் கண்ணைத் துடைத்ததில் முகமெல்லாம் வெள்ளையானது. பிறகு அழுதார்.

அத்தை பூவை வைத்துவிட்டு எழுந்து வந்தார். என்ன என்று கேட்டார். மாமா என்னைப் பார்த்தார். நான் மறுபடி போட்டேன். அத்தை குனிந்து மாமாவின் பையில் காதை வைத்துக் கேட்டார். நிமிர்ந்தார். 

“இப்பிடித்தான் பேசுவா” என்றார்.

பிறகு, இது வீட்டில் சொன்னது என்றும், ஆஸ்பத்திரியில் சொன்னதைத் தான் கேட்டதாகவும், அது வேறு, இது வேறு என்றும் சொன்னார். மாமா தலையாட்டினார். நானும் ஆட்டினேன். அத்தை புடவைத் தலைப்பால் மாமாவின் முகத்தில் இருந்த சுண்ணாம்பைத் துடைத்தார். அந்த இயந்திரத்தைச் சொல்ல வைப்பது பற்றி அப்புறம் பேசவில்லை.

இருட்டியதும் எல்லாக் கல்லறையிலும் மெழுகுவத்தி எரிந்தது. பங்குச் சாமியார் மந்திரித்த தண்ணீர் தெளித்துக்கொண்டே வந்தார். நான் கோகுலுக்குப் போன் செய்தேன். மீதிப் பாதி வேண்டாம் என்றேன். அவள் வாசித்தவரை போடு, அது போதும் என்றேன். பாதிக் கதையா என்றான். ஏவுகணை விக்கிரவாண்டியில் நிற்கிறது, கப்பல் திண்டிவனத்தில் நிற்கிறது, பார்ப்பவர்கள் அடிப்பார்கள் என்றான். அடிக்கட்டும் என்றேன். நான் வெட்டி வைத்திருந்த கடைசிப் பகுதியை அவனுக்கு அனுப்பினேன். அதையும் சேர்த்துப் போடு, கடைசியில் வரும் மௌனத்தை வெட்டாதே என்றேன். கேட்டுவிட்டுத் திரும்பக் கூப்பிட்டான்.  “இறைவா உமக்கு நன்றி” என்றான்.

மறுநாள் வெளியிட்டான். இப்போதும் அங்கே இருக்கிறது. போர்க்கப்பல் எதனால் வீழ்கிறது என்று தெரிந்துகொள்ள வருபவர்களுக்குப் பாதிதான் கிடைக்கும். அடிவானத்துக்கு மேலே ஏவுகணை தலை காட்டுகிறது, கப்பலுக்கு இனி ஒன்றரை நிமிடம்கூட இல்லை என்று வாசிக்கிறாள். நிறுத்துகிறாள். புடவை சரசரக்கிறது. மாடியில் தண்ணீர் விழும் சத்தம் பதிவில் கேட்காது. எனக்கும் அன்று கேட்கவில்லை. எங்கள் வீட்டில் எதுவும் முதலில் அவளுக்குத்தான் கேட்கும். பிறகு சொல்கிறாள்.

“ஏங்க, தொட்டி வழியுது பாருங்க. போய் மோட்டார நிறுத்திட்டு வாங்க. உங்க கப்பல் எங்கயும் போயிடாது.”